எலிகள் காத்துக் கொடுத்த சரித்திரம்

சிட்னி நகரத்து மண்ணுக்கு அடியில் ஏழை மக்களின் வாழ்க்கை!

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஹைட் பார்க் பாரக்ஸ் என்று ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. செங்கல்லால் எழுப்பிய மூன்றடுக்குக் கட்டடம். 1979-ஆம் ஆண்டு வரை அதில் கோர்ட்டுகளும் சர்க்கார் அலுவலகங்களும் நடந்து வந்தன. குமாஸ்தாக்கள் காலையில் வந்து, மாலையில் வீடு திரும்பினார்கள். தங்கள் மேஜை நாற்காலிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

அலுவலகங்கள் காலியான பிறகு கட்டடத்தைப் பழுது பார்க்கத் தொடங்கினார்கள். மரத் தளத்தின் பலகைகளைப் பெயர்த்தார்கள். மேல் தளத்துப் பலகைக்கும் கீழ் அறையின் மச்சுக்கும் நடுவே ஒரு சந்து. அந்தச் சந்து முழுவதும் தூசி. தூசிக்குள் எலிக்கூடுகள்!

கூடுகளைப் பிரித்துப் பார்த்த புதைபொருள் ஆராய்ச்சியாளர்கள் திகைத்துப் போனார்கள். கிழிந்த துணிகள், நூல் கண்டுகள், குண்டூசிகள், பொத்தான்கள், ஜெபமாலை மணிகள், களிமண் சுங்கான்கள், மருந்துப் புட்டிகள், செய்தித்தாள் துண்டுகள், எலும்புகள். நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு அங்கே வாழ்ந்தவர்கள் தவறவிட்ட பொருள்களை எலிகள் ஒவ்வொன்றாக இழுத்துப் போய்த் தங்கள் கூட்டில் சேர்த்து வைத்திருந்தன. தரைக்கு அடியில் ஈரம் இல்லை. வெயில் இல்லை. ஆகவே, மண்ணில் புதைந்தால் ஒரே ஆண்டில் மக்கிப் போகும் துணியும் காகிதமும்கூட அங்கே பத்திரமாக இருந்தன.

தரைக்கு அடியிலும் சுற்றியுள்ள மண்ணிலுமாகக் கிடைத்த பொருள்கள் ஒரு லட்சத்துக்கு மேல். அவற்றில் ராஜாவின் கிரீடம் இல்லை. கவர்னரின் வாள் இல்லை. அத்தனையும் கைதிகள், பிழைக்க வந்த பெண்கள், ஆதரவற்ற கிழவிகள் ஆகியோரின் சொத்து.

கைதிகள் கட்டிய ஊர்

சிட்னி நகரம் தோன்றிய கதை விசித்திரமானது. இங்கிலாந்தில் சில்லறைத் திருட்டுக்குக்கூட ஏழாண்டு, பதினாலாண்டு, ஆயுள் முழுவதும் என்று நாடு கடத்தும் தண்டனை விதித்து வந்த காலம் அது. அமெரிக்கா சுதந்திரம் பெற்றுவிட்டதால் கைதிகளை அங்கே அனுப்ப முடியவில்லை. சிறைகள் நிரம்பி வழிந்தன. ஆகவே பிரிட்டிஷ் அரசாங்கம் உலகத்தின் மறுகோடியைத் தேர்ந்தெடுத்தது. 1788-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி, 11 கப்பல்களில் வந்த கைதிகளும் காவலர்களும் கவர்னர் ஆர்தர் பிலிப்பின் தலைமையில் சிட்னி கடற்கழியில் குடியேறினார்கள். அதற்குப் பிறகு நியூ சவுத் வேல்ஸ் என்ற அந்தக் குடியேற்றப் பகுதிக்குச் சுமார் 80,000 கைதிகள் அனுப்பப்பட்டார்கள்.

அந்தக் கரை ஆளில்லாத கரை அல்ல. காடிகல் என்ற பூர்வகுடி மக்கள் காலங்காலமாக அங்கே மீன் பிடித்து வாழ்ந்தவர்கள். 1789-இல் பரவிய பெரியம்மை அவர்களில் பெருந்தொகையினரைக் கொண்டு போயிற்று. அவர்கள் மீன் சுட்டுத் தின்ற அடுப்பு ஒன்று, பிற்காலத்தில் நகரத்தின் நடுவிலேயே தோண்டி எடுக்கப்பட்டது. சாம்பலோடு மீன் முள்ளும் சிப்பி ஓடும் அப்படியே இருந்தன.

இன்னொரு செய்தியும் உண்டு. வீடு கட்டச் சுண்ணாம்பு வேண்டும். சிட்னிக்கு அருகில் சுண்ணாம்புக்கல் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டுக் கடற்கரையில் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பதுபோல், அங்கே சிப்பி ஓடுகளைச் சுட்டார்கள். அந்த ஓடுகள் எங்கிருந்து வந்தன? காடிகல் மக்களும் அண்டை இனத்தாரும் தலைமுறை தலைமுறையாகத் தின்று போட்ட சிப்பிக் குவியல்களிலிருந்து! ஒரு மக்களின் வாழ்க்கைச் சுவட்டைச் சூளையில் போட்டு, அந்தச் சுண்ணாம்பில் இன்னொரு மக்கள் ஊர் கட்டினார்கள்.

மோசடிக் கைதி கட்டிய மாளிகை

ஹைட் பார்க் பாரக்ஸைத் திட்டமிட்டுக் கட்டியவர் பிரான்சிஸ் கிரீன்வே. அவரும் ஒரு கைதிதான். பொய்ப் பத்திரம் தயாரித்த குற்றத்துக்காக நாடு கடத்தப்பட்டவர். கட்டடக் கலையில் வல்லவர் என்பதால் கவர்னர் மக்வாரி அவரைப் பயன்படுத்திக் கொண்டார். 1819-இல் பாரக்ஸ் திறக்கப்பட்டபோது அவருக்கு முழு மன்னிப்புக் கிடைத்தது. 1966-இல் ஆஸ்திரேலியா வெளியிட்ட பத்து டாலர் நோட்டில் அவர் படமே அச்சிடப்பட்டது. பொய்ப் பத்திரம் எழுதியவரின் முகம் சர்க்கார் நோட்டில்!

பகலில் சர்க்கார் வேலை செய்த ஆண் கைதிகள் இரவில் அந்தக் கட்டடத்தில் அடைக்கப்பட்டார்கள். அவர்களுக்குக் கட்டில் கிடையாது. வரிசை வரிசையாகக் கட்டிய தூக்குப் படுக்கைகள்தான். 600 பேருக்கென்று கட்டிய இடத்தில் சில சமயம் 1,400 பேர்வரை தங்கினார்கள். ஒருவர் புரண்டால் அடுத்தவர் தூக்கம் கெடும்.

அந்தக் கைதிகளைப் பற்றிச் சர்க்கார் தஸ்தாவேஜுகளில் பெயர் இருக்கிறது. குற்றம் இருக்கிறது. எத்தனை கசையடி என்ற கணக்கு இருக்கிறது. அவர்கள் மாலையில் என்ன செய்தார்கள் என்று அதில் இல்லை. அதைத் தரைப் பலகைகள் சொல்கின்றன. எலும்பிலும் ஓட்டுத் துண்டிலும் கையால் தேய்த்துச் செய்த ஆட்டக் காய்கள் கிடைத்தன. காவலர் கண்ணில் படாமல் சூதாடியிருக்கிறார்கள். புகைத்து உடைந்த சுங்கான்கள் கிடைத்தன. கோடு போட்ட பருத்திச் சட்டை ஒன்று கிடைத்தது. சிட்னிக்கு வந்த பல்லாயிரம் கைதிகள் உடுத்திக் கிழித்த உடுப்பில் மிஞ்சியவை மிகச் சிலவே. அவற்றில் ஒன்று அது.

வேலைக்குக் காத்திருந்த பெண்கள்

1848-இல் கைதிகள் வெளியேறினார்கள். அதே கட்டடம், பிழைப்புத் தேடிக் கப்பலில் வந்த தனிப் பெண்களுக்குத் தங்குமிடமாயிற்று. முதலில் வந்தவர்களில் பலர், அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் தாய் தந்தையரை இழந்த இளம் பெண்கள். ஊரில் தர்ம விடுதியில் கிடந்தவர்களைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். பாரக்ஸில் அவர்கள் காத்திருப்பார்கள். வீட்டு வேலைக்கு ஆள் தேடும் எஜமானிகள் அங்கேயே வந்து பார்த்து, பேசி, அழைத்துப் போவார்கள்.

சொந்த ஊரைவிட்டு முன்பின் தெரியாத நகரத்தில் இறங்கி, யார் வேலை தருவார்கள் என்று பெட்டியோடு காத்திருந்தவர்களுக்கு அந்தப் பெண்களின் மனநிலையை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் தவறவிட்ட ஜெபமாலை மணிகளும், சீப்புகளும், ரிப்பன் துண்டுகளும் பலகை இடுக்கில் விழுந்து எலிக்குச் சேர்ந்தன.

1862 முதல் 1886 வரை கட்டடத்தின் மேல் மாடி, நோயாளிகளும் ஆதரவற்றவர்களுமான முதிய பெண்களின் இல்லமாக இருந்தது. அவர்களைச் சோம்பேறிகள், தர்மச் சோறு தின்பவர்கள் என்று பேசியவர்கள் உண்டு. பலகைக்கு அடியில் கிடைத்த சான்று வேறு. ஊசி, நூல், அங்குஸ்தான், வெட்டிப்போட்ட துணித் துண்டுகள் ஏராளமாக வந்தன. தங்கள் உடுப்பையும் படுக்கை விரிப்பையும் அந்தக் கிழவிகளே தைத்துக் கொண்டிருந்தார்கள். சுங்கான்களும் கிடைத்தன. கிழவிகள் புகை பிடித்திருக்கிறார்கள்! மத போதகர்களும் தர்மசீலப் பெண்மணிகளும் கொடுத்துப் போன பிரசுரங்களும் அங்கேயே கிடந்தன.

கல்கத்தாவில் புறப்பட்ட கப்பல்

அந்தக் காலச் சிட்னிக்கும் இந்தியாவுக்கும் இருந்த உறவைக் கடலடி ஆராய்ச்சி காட்டுகிறது. குடியேறிய முதல் ஆண்டுகளில் சிட்னி மக்கள் பட்டினியோடு போராடினார்கள். இங்கிலாந்திலிருந்து கப்பல் வர மாதக்கணக்காகும். கல்கத்தா அதைவிடப் பக்கம். ஆகவே கல்கத்தா வியாபாரிகள் அங்கே சரக்கு அனுப்பத் தொடங்கினார்கள்.

1796 நவம்பரில் ‘சிட்னி கோவ்’ என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டது. காம்பெல் அண்டு கிளார்க் என்ற கம்பெனியின் சரக்கு. கப்பலில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் லஸ்கர்கள், அதாவது இந்திய மாலுமிகள். 1797 பிப்ரவரியில் கப்பல் ஓட்டையாகி, டாஸ்மேனியாவுக்கு வடக்கே ஒரு சிறு தீவில் தரைதட்டியது. உதவி தேடி 17 பேர் ஒரு படகில் கிளம்பினார்கள். அவர்களில் 12 பேர் லஸ்கர்கள். படகும் உடைந்தது. முன்பின் தெரியாத கடற்கரை வழியாக 600 கிலோமீட்டருக்கு மேல் நடந்தார்கள். வழியில் பூர்வகுடி மக்கள் பல இடங்களில் மீன் கொடுத்தார்கள், ஆறு கடக்க உதவினார்கள். சில இடங்களில் சண்டையும் மூண்டது. இரண்டு மாதத்துக்குப் பின் ஒரு மீன்பிடி படகு அவர்களைக் கண்டபோது மூன்று பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். அந்த மூவரில் ஒருவர் இந்தியர்.

அந்தக் கப்பலின் சிதைவை 1977-இல் கடலுக்கடியில் கண்டுபிடித்தார்கள். பின்னர் நடந்த ஆராய்ச்சியில் மதுப்புட்டிகளும், சீனப் பீங்கானும், தோல் செருப்புகளும் வெளிவந்தன. குற்றவாளிகளின் ஊர் என்று உலகம் ஏசிய சிட்னிக்கு எதை அனுப்பினால் விற்பனையாகும் என்று கல்கத்தா வியாபாரி கணக்குப் போட்டிருந்தார் என்பதை அந்தச் சரக்கே காட்டுகிறது. அங்கே வாங்குகிற கை இருந்தது. நல்ல பீங்கானில் சாப்பிடும் ஆசையும் இருந்தது.

ராக்ஸ்: பாறை மேல் ஒரு பேட்டை

அந்த ஆசை எந்த வீடுகளில் இருந்தது என்பதை அறிய, துறைமுகத்தை ஒட்டிய ‘ராக்ஸ்’ என்ற பேட்டைக்குப் போக வேண்டும். பாறைகள் என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். முதல் கைதிகள் அந்தப் பாறைச் சரிவில் குடிசை போட்டார்கள். பாறையை வெட்டிப் படியாக்கி, அறையாக்கி, வீடு கட்டினார்கள். பிறகு மாலுமிகள், துறைமுகக் கூலிகள், சலவைத் தொழிலாளர்கள், சிறு கடைக்காரர்கள் என்று தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தார்கள்.

துரைமார்களுக்கு ராக்ஸ் என்றாலே அருவருப்பு. குடிகாரர், ரவுடி, அழுக்கு என்று பத்திரிகைகள் எழுதின.

1900-ஆம் ஆண்டு பிளேக் வந்தது. 1896-இல் பம்பாயை ஆட்டி வைத்த அதே நோய், கப்பல் எலிகளோடு துறைமுகம் துறைமுகமாகப் பரவிச் சிட்னியையும் எட்டியது. துறைமுகத்தில் வண்டி ஓட்டிய தொழிலாளி ஒருவர் முதல் நோயாளி. அந்த ஆண்டில் 303 பேருக்கு நோய் கண்டது. 103 பேர் இறந்தார்கள். துறைமுகத்தை ஒட்டிய பகுதிகளைத் தடுத்து அடைத்தார்கள். வீடு வீடாகச் சுண்ணாம்பு அடித்தார்கள். எலி பிடித்துக் கொடுத்தால் காசு என்று அறிவித்தார்கள். 40,000-க்கு மேற்பட்ட எலிகள் கொல்லப்பட்டன.

பம்பாயில் பிளேக்கிற்குப் பிறகு 1898-இல் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் ஏற்பட்டு, நெருக்கமான குடியிருப்புகளை இடித்தது போலவே, சிட்னியிலும் அரசாங்கம் ராக்ஸ் பகுதியைத் தன் வசப்படுத்தியது. கொல்லைப்புறங்களையும் இடிந்த சுவர்களையும் போட்டோ பிடித்துக் காட்டி, இங்கே மனிதர் வாழ முடியாது என்றார்கள். தெருத் தெருவாக வீடுகள் இடிக்கப்பட்டன. அவற்றில் கம்பர்லண்டு, குளோஸ்டர் என்ற இரண்டு தெருக்களுக்கு நடுவே இருந்த வீடுகளும் அடக்கம். இடிபாட்டின் மேல் மண் மூடிற்று.

இடிக்க மறுத்த தொழிலாளர்கள்

எஞ்சிய வீடுகளுக்கும் ஆபத்து வந்தது. வானளாவிய கட்டடங்கள் எழுப்ப வேண்டும், பழைய வீடுகளை இடிக்க வேண்டும் என்று ஒரு பெரிய திட்டம் தயாரானது. குடியிருந்தவர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம் நின்றவர்கள் யார் தெரியுமா? இடித்துக் கட்டினால் கூலி கிடைக்கக்கூடிய கட்டடத் தொழிலாளர்களே! ஜாக் முண்டி என்பவரைச் செயலாளராகக் கொண்ட அவர்களது சங்கம், 1971 முதல் ராக்ஸில் வேலை செய்ய மறுத்தது. ‘பச்சைத் தடை’ என்று அதற்குப் பெயர். 1973-இல் சங்கத்தில் சேராத ஆள்களை வைத்து வேலையைத் தொடங்கியபோது கைகலப்பு மூண்டு பலர் கைதானார்கள். கடைசியில் திட்டம் பெரிதும் மாற்றப்பட்டது. பழைய ராக்ஸின் பெரும்பகுதி பிழைத்தது.

மண் சொன்ன சாட்சி

1994-இல் கம்பர்லண்டு, குளோஸ்டர் தெருக்களுக்கு நடுவே மண்ணைத் தோண்டினார்கள். புதைபொருள் நிபுணர்களோடு நூற்றுக்கணக்கான பொதுமக்களும் தாமாக வந்து மண் அள்ளினார்கள், சலித்தார்கள், கழுவினார்கள். வீடுகளின் அஸ்திவாரங்கள், சந்துகள், கிணறுகள், கக்கூஸ் குழிகள் எல்லாம் வெளிப்பட்டன. கிடைத்த பொருள்கள் ஏழரை லட்சத்துக்கு மேல்!

ஜார்ஜ் கிரிப் என்ற கசாப்புக்காரரின் மனை அதில் ஒன்று. கைதியாக வந்து, கறிக்கடை வைத்து, சொத்துச் சேர்த்தவர். அவர் முற்றத்தில் ஆடு மாடுகளின் எலும்பும் கொம்பும் குவியலாகக் கிடந்தன. அவர் கிணற்றைத் தோண்டியபோது அழகிய சீனப் பீங்கான் பாத்திரங்கள் வந்தன. கூடவே சாராயம் வடிக்கும் கலத்தின் பாகங்களும் வந்தன! திருட்டுத்தனமாக வடித்தவர், பிடிபடாமலிருக்கக் கிணற்றில் போட்டிருக்க வேண்டும்.

மற்ற வீடுகளிலும் ஆச்சரியம் காத்திருந்தது. மனிதர் வாழ முடியாது என்று முத்திரை குத்திய வீடுகளில், ஒரே சித்திரம் போட்ட நீல வெள்ளைத் தட்டுகள் ஜோடி ஜோடியாக இருந்தன. மேஜையில் வைக்கும் அலங்காரப் பொம்மைகள், பூச்சாடிகள், நகைத் துணுக்குகள் இருந்தன. எலும்புகளை ஆராய்ந்தபோது, அந்தக் குடும்பங்கள் ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, மீன், சிப்பி என்று வயிறார உண்டது தெரிந்தது. இங்கிலாந்தில் இருந்திருந்தால் அவர்களுக்குக் கறி அபூர்வமாகத்தான் கிடைத்திருக்கும்.

குழந்தைகளின் பொருள்களும் ஏராளம். கோலிக்குண்டுகள், பீங்கான் பொம்மைகளின் கை கால்கள், பலகையில் எழுதும் பலப்பங்கள். எழுத்து வாசனை இல்லாதவர்கள் என்று சொல்லப்பட்ட பேட்டையில் பிள்ளைகள் பலப்பம் பிடித்து எழுதியிருக்கிறார்கள். வாங்கிக் கொடுத்தவர்கள் கூலி வேலை செய்த தாய் தந்தையர்கள்.

ராக்ஸில் துன்பமே இல்லை என்று மண் சொல்லவில்லை. நெருக்கடி உண்டு. சாக்கடை வசதி மிகவும் தாமதமாகத்தான் வந்தது. கக்கூஸ் குழியும் கிணறும் அருகருகே இருந்தன. பிள்ளைகள் நோயில் மாண்டார்கள். ஆனால், அந்தக் கேடுகளுக்குக் காரணம் வடிகால் போடாத நிர்வாகமும் பழுது பார்க்காத வீட்டுக்காரர்களும்தான். குடியிருந்தவர்கள் தங்களுக்கு எட்டிய அளவில் வீட்டை வீடாகத்தான் வைத்திருந்தார்கள். வெளியே இருந்து போட்டோ எடுத்தவர் சுவரின் காரை உதிர்ந்ததைப் பார்த்தார். உள்ளே அலமாரியில் அடுக்கியிருந்த பீங்கானை அவர் பார்க்கவில்லை.

சிட்னியின் பழைய வரலாற்றை எழுதிய கிரேஸ் கார்ஸ்கன்ஸ் என்ற பெண்மணி, இந்த அகழாய்வையும் பழைய ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தவர். ராக்ஸ் வெறும் குற்றவாளிகளின் குகை என்ற எண்ணம் அவரது நூல்களுக்குப் பிறகு மாறிப்போயிற்று.

இன்று

ஹைட் பார்க் பாரக்ஸ் இன்று காட்சிசாலை. 2010-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்த ஆஸ்திரேலியக் கைதிகளின் இடங்களில் அதுவும் ஒன்று. எலிகள் சேர்த்த துணியும் காகிதமும் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன. 1900-இல் காசு கொடுத்துக் கொன்ற எலியின் இனத்துக்கு, அங்கே சரித்திர உதவியாளர் என்ற பெருமை!

கம்பர்லண்டு தெருவில் தோண்டிய இடத்தை மறுபடி மூடிவிடவில்லை. 2009-இல் அங்கே ஒரு விடுதி கட்டினார்கள். அஸ்திவாரங்கள் கெடாமலிருக்கத் தூண்களின் மேல் கட்டடத்தை நிறுத்தினார்கள். கீழே பழைய வீடுகளின் சுவர்களும் படிகளும் திறந்தே கிடக்கின்றன. கிரிப் சந்து மறுபடி நடைவழியாகியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியரோடு வந்து மண்ணைக் கிளறிப் பாடம் படிக்கிறார்கள்.

மேலே, குறைந்த வாடகைக்குத் தங்கும் பிரயாணிகள் அடுக்குக் கட்டிலில் தூங்குகிறார்கள். கீழே, இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு வேற்றூரிலிருந்து வந்து பாறையை வெட்டி வீடு கட்டியவர்களின் அடுப்பங்கரைகள் இருக்கின்றன.